ரபாயேலின் பெட்டியில் அகப்பட்ட சாவி

திகதி: 1986 செப்டெம்பர் 11, வியாழக்கிழமை. நேரம்: பிற்பகல் 2.40.

வாக்குமூலம் அளிப்பவர்: முத்துக்கருப்பன் அழகையா. வயது: 47. தொழில்: பூட்டுத் திருத்துதல், சாவி வெட்டுதல். முகவரி: இல. 14/3, கொங்காவளை, மாத்தளை. தமிழில் கூறப்பட்டதைத் தமிழிலேயே பதிவு செய்பவர்: மாத்தளைப் பொலிஸ் நிலைய சாஜன் (சார்ஜன்ட்) ஸக்கரியா.

மேற்படி அழகையாவாகிய நான் கூறுவதாவது:

நான் மேற்சொன்ன முகவரியில் என் மனைவி இரத்தினம்மாவுடன் வசித்து வருகிறேன். ஒரே மகளை யட்டவத்தயில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இந்தத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருடம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகையில் இருந்து வேலை செய்கிறேன். இதுவரை என் மேல் எந்த வழக்கும் இல்லை. இன்று நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது வாக்குமூலம் கொடுக்க அல்ல, ஒரு சாவியைப் பார்த்து அது யார் வெட்டியது என்று தொழில்காரன் என்ற முறையில் சொல்வதற்காக அழைக்கப்பட்டு வந்தேன். வந்த பிறகு என் மனம் மாறிவிட்டது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, எதுவும் தருவதாகச் சொல்லவுமில்லை. "அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க" என்று சாஜன் இரண்டு தடவை கூறினார். நான் யோசித்துத்தான் கூறுகிறேன்.

இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் ரபாயேல் என்பவனை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். அவனும் பூட்டுக்காரன். வயது முப்பத்தெட்டு இருக்கும். வேதக்காரன். தேயிலைத் தோட்டத்தில் இருந்து 1977இல் டவுனுக்கு வந்து, திருகோணமலை வீதியில் சாலிஹ் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே சிறு கடை போட்டான். அவன் வந்தபோது நான் தொழிலில் பதின்மூன்று வருடம் போட்டிருந்தேன். அவன் என்னை "அண்ணே" என்றுதான் அழைப்பான். நான் அவனை ஒரு நாளும் தம்பி என்று அழைத்ததில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் கதவு உடையாத தமிழ் வீடுகள் குறைவு. எல்லோரும் புதுக் கதவு போட்டார்கள், புதுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். எங்கள் இருவருக்கும் போதுமான வேலை இருந்தது, இன்னும் இரண்டு பேர் வந்திருந்தாலும் இருந்திருக்கும். ஆனால் யாருக்கு வேலை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. யாரை நம்பி வீட்டுக்குள் விடலாம் என்றுதான் கேட்டார்கள். பூட்டைப் போடுகிறவனுக்கு அதைத் திறக்கவும் தெரியும், அதனால் அந்தப் பயம் நியாயம்தான். அப்படிக் கேட்ட எல்லோருக்கும் ஊரில் ஒரே பதில் கிடைத்தது. "ரபாயேலக் கூப்பிடுங்க." அரசாங்க உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள், டீச்சர்மார் எல்லோரும் இதையே கூறினார்கள். என் கொட்டகையைக் கடந்து போய் அவனிடம் விசாரித்தவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவன் வேலை செய்யும் முறையை இங்கே கூற வேண்டும். ஒரு வீட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டால் அதன் சாவிகளை அவன் தன் கடையில் வெட்ட மாட்டான். அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே அரத்தால் ராவுவான். அதன்பின் தாளில் விழுந்த பித்தளைத் தூளை ஒரு பொட்டும் விடாமல் மடித்து, சாவிகளோடு சேர்த்து அவர்கள் கையில் கொடுப்பான். அதன்பின் எழுந்து நின்று களிசான் பைகள் இரண்டையும், சேர்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டுவான். "எல்லாம் ஒங்ககிட்டதாங்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்பான். பை வெளியே தொங்க, அப்படியே வாசல் படலை வரை நடந்து போய் அங்கேதான் உள்ளே தள்ளுவான்.

வெறும் நாடகம். கள்ளச்சாவி வெட்ட நினைப்பவனுக்குத் தூளும் வேண்டியதில்லை, பையும் வேண்டியதில்லை. பல்லின் ஆழத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அது தலைக்குள் இருக்கும். தொழில் தெரிந்த எனக்கு இது தெரியும், அவனுக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பையை இழுப்பதைப் பார்த்து ஊரே மயங்கிக் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. 'மனவருத்தம் என்று எழுதவா' என்று சாஜன் கேட்டார். வேண்டாம், வயிறு எரிந்தது என்றே எழுதச் சொன்னேன்.

1985 டிசெம்பர் மாதம் பாலேஸ்வரி டீச்சர் வீட்டுப் பின்கதவுக்குப் பூட்டுப் போட என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார். ரபாயேல் அந்தக் கிழமை நத்தார்ப் பண்டிகைக்காகத் தோட்டத்துக்குப் போயிருந்தபடியால்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். பூட்டை ஒழுங்காகப் போட்டு, நான்கு சாவியையும் வெட்டிக் கொடுத்தேன். அதன்பின் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவன் காட்டினால் நான் காட்ட மாட்டேனா என்று களிசான் பையை நானும் வெளியே இழுத்தேன். உள்ளே இருந்து ஒரு சாவி சீமெந்துத் தரையில் ணங் என்று விழுந்தது.

"உது என்ன திறப்பு?" என்று டீச்சர் கேட்டார்.

"என் வீட்டுச் சாவிங்க டீச்சர்" என்றேன்.

"உங்கட வீட்டுத் திறப்போ? எங்க, தாங்கோ பாப்பம்."

என் வீட்டுச் சாவியை வாங்கிப் பின்கதவில் போட்டுப் பார்த்தார். அதன்பின் முன்கதவில் போட்டுப் பார்த்தார். அதன்பின் உள்ளே போய் அலுமாரியிலும் போட்டுப் பார்த்தார். எதிலும் போகவில்லை. திரும்பி வந்து, "குறை நினையாதேங்கோ, காலம் அப்பிடி" என்று சொல்லித் தந்தார். நான் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பூட்டுக்காரனுக்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுக்கும் ஒரு கதவு இருக்கும் என்று அந்தப் படித்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. ரபாயேல் தன் வீட்டுச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு கோர்த்துப் போட்டிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதனால்தான் அவன் பையில் இருந்து ஒரு நாளும் ஒன்றும் விழவில்லை.

நத்தார் முடிந்து அவன் வந்ததும் டீச்சர் அவனைக் கூப்பிட்டு நான் போட்ட பூட்டைக் கழற்றி வேறு போடச் சொன்னார். கழற்றிய பூட்டை அவனே என் கொட்டகைக்குக் கொண்டுவந்து தந்தான். "நல்ல பூட்டு, நல்லாப் போட்டிருக்காரு, மாத்தத் தேவையில்லன்னு சொன்னேன் அண்ணே. அந்தம்மா கேக்கல" என்றான். அதன்பின் பூட்டோடு இருந்த சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஆயிரம் சாவியக் கொட்டி வச்சாலும் ஒங்களுதை மட்டும் எடுத்துருவேன் அண்ணே. ஒங்க பீச்சாங்கை ராவு எல்லாருக்கும் எதிர்ப்பக்கமா சாயுது" என்று சிரித்தான். நான் இடது கைக்காரன். அரத்தை இடது கையால் பிடிப்பதால் பல்லில் விழும் கோடுகள் மறுபக்கம் சாயும். நான் அவனை உட்கார் என்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கிறாயா என்றும் கேட்கவில்லை.

இதுவரை நடந்ததை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இந்த வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி நடந்தது. அன்று நான் தம்புள்ளையில் ஒரு மரக்கறி வியாபாரியின் கடைக் கதவு வேலைக்குப் போயிருந்தேன். பொழுதுபட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கதவுப் பூட்டில் புதுச் சாவி ஒன்று தொங்குவதைப் பார்த்து மனைவியிடம் கேட்டேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அத ஏங்க கேக்குறீங்க. மத்தியானம் சாவி பூட்டுக்குள்ளயே ஒடைஞ்சு போச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னேன். ரபாயேல் தம்பிக்கு ஆள் அனுப்பினேன்" என்றாள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"ரபாயேல் தம்பிக்குத்தான். பாவம், அந்த மனுசன் 'அண்ணே வந்து தொறக்கட்டும் அக்கா, அவரு வீட்டுக் கதவுல நான் கை வைக்கிறது சரியில்ல'ன்னு சொல்லிச்சு. நான்தான், அதுவரைக்கும் மழையில நிக்கவான்னு கேட்டேன். பத்து நிமிசத்துல ஒடைஞ்ச துண்ட எடுத்து, படியில ஒக்காந்து புதுச் சாவி வெட்டிக் குடுத்திச்சு. பையெல்லாம் இழுத்துக் காட்டிச்சுங்க, எனக்கே சிரிப்பு வந்திருச்சு. ஒரு சதமும் வாங்கல."

"ஏண்டி, பூட்டுக்காரன் பொண்டாட்டி இன்னொரு பூட்டுக்காரனக் கூப்பிட்டான்னா ஊரு சிரிக்காதா?" என்று கேட்டேன்.

"ஊரே கூப்பிடுற மனுசனத்தானே நானும் கூப்பிட்டேன்" என்றாள்.

நான் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். என் மனைவி மேல் எனக்கு ஒரு மண்ணாங்கட்டிச் சந்தேகமும் இல்லை, இதை நன்றாக விளங்கும்படி எழுத வேண்டும். என் பொறாமை தொழில் பொறாமை. இருபத்திரண்டு வருடம் ஊரார் கதவைத் திறந்தவன் வீட்டுக் கதவை அவன் திறந்திருக்கிறான், அதுவும் நன்றாகத் திறந்திருக்கிறான். அவன் வெட்டிக் கொடுத்த சாவியைப் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் போலப் போய் வந்தது. ஒரு குறை சொல்ல இடமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பின் ஒரு கிழமையாக எனக்கு வேறு நினைவு இல்லை. வீதி வேலைக்குக் கல் உடைக்கும் வெடிமருந்தை வைக்கும் அரசாங்கக் களஞ்சியம் ஒன்றின் ஆமைப்பூட்டை 1984ஆம் ஆண்டு திருத்தக் கொண்டுவந்தார்கள். அதற்கு நான்தான் சாவி வெட்டினேன். ஐந்து பல். மூன்றாவது பல் மட்டும் ஆழம், கடைசிப் பல் பாதி. ஒரு தடவை வெட்டிய சாவி என் கைக்கு மறக்காது. ஓகஸ்ட் 20ஆம் திகதி என் கொட்டகையில் இருந்து அந்தச் சாவியை நினைவில் இருந்தே மறுபடி வெட்டினேன். கள்ளச்சாவியாகத் தெரிய வேண்டுமென்றால் அதை அரைகுறையாக விட்டிருக்க வேண்டும். ஆனால் பிசிறோடு ஒரு சாவியைக் கீழே வைக்க என் கை விடவில்லை. பிசிறெல்லாம் நீக்கி, ஓரம் மழுக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து முடித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. தொழில்காரன் புத்தி. அதில் என் இடக்கைக் கோடு விழுந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் 21ஆம் திகதி காலை பத்து மணியளவில் ரபாயேலின் கடைக்குப் போனேன். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து நின்று, தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "அண்ணே வந்திருக்காரு, இருங்க, தேத்தண்ணி சொல்லிட்டு வாறேன்" என்று சொல்லி எதிரே இருந்த சாலிஹ் நானா கடைக்குப் போனான். கடையையும் கருவிப் பெட்டியையும் என்னை நம்பித் திறந்தபடி விட்டுவிட்டுப் போனான். நான் சாவியை அவன் பெட்டியின் அடித்தட்டில், பழைய ஆணிகளுக்குக் கீழே போட்டேன். அதன்பின் அவன் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தேன். "அக்கா சொகமா? பூட்டு சிக்காமத் தொறக்குதா?" என்று கேட்டான். திறக்கிறது என்றேன்.

அன்று பிற்பகல் பொலிசுக்கு மொட்டைக் கடிதமாக ஒரு பெட்டிசம் எழுதி, 22ஆம் திகதி தபாலில் சேர்த்தேன். சாஜன் இப்போது எனக்குக் காட்டிய, கையொப்பமில்லாத பெட்டிசம் அதுதான். ரபாயேல் என்பவன் தான் பூட்டுப் போட்ட எல்லா வீட்டுச் சாவியிலும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான், வெடிமருந்துக் களஞ்சியத்தின் சாவியும் அவன் பெட்டியில் இருக்கிறது, அதை வடக்கில் இருந்து வரும் இயக்கப் பொடியன்களுக்குக் கொடுக்கப் போகிறான் என்று எழுதியிருந்தேன். எல்லாம் பொய். எழுத்தில் என்னைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று வலது கையால் எழுதினேன். அதனால்தான் எழுத்து அவ்வளவு கோணல். கடுதாசியில் கையை மறைக்கத் தெரிந்த எனக்குச் சாவியில் மறைக்கத் தெரியவில்லை.

செப்டெம்பர் 2ஆம் திகதி காலை பொலிசார் அவன் கடைக்கு வந்து பெட்டியைச் சோதித்து, சாவியை எடுத்து, அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சாலிஹ் நானாவின் கடையில் இருந்து அதைப் பார்த்தேன். ஜீப்பில் ஏற்றுவதற்கு முன் அவன் பைகளைச் சோதித்து வெளியே இழுத்துவிட்டார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தேன். அந்தச் சாவி களஞ்சியத்தின் பூட்டைத் திறந்தது என்று மறுநாள் கேள்விப்பட்டபோதுதான் இது விளையாட்டு இல்லை என்று விளங்கியது. ஆனாலும் கொட்டகையைக் கூட்டித் துடைத்து, இனி எல்லோரும் என்னிடம்தானே வர வேண்டும் என்று இருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. ஐந்தாம் திகதி கொங்காவளையில் றஹீமா உம்மாவின் முன்கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே நானாகப் போனேன். போய்ப் பார்த்தால் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். "நான் பாக்குறேன் உம்மா" என்றேன்.

"இல்ல மகன், ரபாயேல் வரட்டும். அதுவரைக்கும் இந்தக் கயிறு போதும்" என்றார் அந்த உம்மா.

பொலிசில் அடைபட்டிருக்கிறவனுக்காகக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! வெடிமருந்துச் சாவி அகப்பட்டது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் நம்பவில்லை. அவன் உள்ளே இருந்தாலும் நம்பிக்கை அவன் மேல், நான் வெளியே நின்றாலும் என் மேல் இல்லை. அதன்பின் பாலேஸ்வரி டீச்சர் அவன் நல்லவன் என்று ஒரு கடிதம் எழுதி வீடு வீடாகக் கையொப்பம் வாங்கினார். அந்தக் கடிதமும் இந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அதில் எட்டாவது கையொப்பம் என் மனைவி இரத்தினம்மாவுடையது. என்னிடம் அவள் கேட்கவில்லை, போட்ட பிறகுதான் சொன்னாள்.

நேற்று, அதாவது 10ஆம் திகதி, ரபாயேலின் மனைவி மரிய கொறற்றி சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் என் கொட்டகைக்கு வந்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழம காலையில அவரக் கொழும்புக்குக் கொண்டுபோறாங்களாம். அங்க போனவங்க எப்ப வருவாங்கன்னு யாரும் சொல்றாங்க இல்ல. அந்தச் சாவி அவரு வெட்டினது இல்லண்ணே. ஒங்களுக்குத் தொழில் தெரியும், நீங்க பாத்தாச் சொல்லிருவீங்க. ஒங்களக் கூப்பிடச் சொல்லி சாஜன் ஐயாகிட்ட அழுது கேக்கப் போறேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வந்து பார்த்துவிட்டு, யார் வெட்டியது என்று தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்பதே அப்போது என் எண்ணம்.

இன்று பகல் ஒரு மணிக்கு இங்கே வந்தேன். வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். எதிரே இருந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ரபாயேல் தரையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அவன் களிசான் பைகள் இரண்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சோதித்தபோது இழுத்துவிட்டதை ஒன்பது நாளாக அவன் உள்ளே தள்ளவில்லை. வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் என்னைக் கண்டு, எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அதன்பின் சாஜன் ஸக்கரியா என்னை மேசைக்குக் கூப்பிட்டு, சாவியை ஒரு கடித உறையில் இருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். "இது யாரு வெட்டினதுன்னு சொல்ல ஏலுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவராகவே, "ரபாயேலுக்கும் காட்டினோம். வெளிச்சத்துல பிடிச்சுக் கனநேரம் பாத்தாரு. பெருவிரலால பல்லத் தடவிப் பாத்தாரு. யாரு வெட்டினதுன்னு தெரியாது சேர், ஆனா வெட்டினவரு நல்ல தொழில்காரருன்னு சொன்னாரு" என்றார்.

ஆயிரம் சாவியில் என்னுடையதை எடுத்துவிடுவேன் என்றவன் அவன். பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கடைக்கு நான் ஒரே ஒரு நாள் வந்ததும், அவன் தேத்தண்ணிக்குப் போனதும் எல்லாம் அவன் நினைவுக்கு வந்திருக்கும். அழகையா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான், அந்த விரல்களில் துணி இருந்திருக்காது. சொல்லவில்லை. சொல்லாதது போதாதென்று, நல்ல தொழில்காரர் என்றும் சொல்லியிருக்கிறான். இந்த இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் என் வேலையை வாய் திறந்து நல்லது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். டீச்சரிடம் சொன்னதும் அவன்தான், இங்கே சொன்னதும் அவன்தான்.

நான் இதை நல்ல மனதால் கூறுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அப்படி எழுதவும் வேண்டாம். எனக்கு இப்போதும் எரிகிறது. நம்பிக்கையில் அவன் என்னை மிஞ்சினான், வேலையில் என்னோடு சமமாக நின்றான், என் வீட்டுக் கதவையும் திறந்தான். இப்போது என்னைக் காட்டிக்கொடுக்காமல் கொழும்புக்குப் போய், அதிலும் அவனே பெரிய மனுசனாகி, நான் காலமெல்லாம் அவன் தயவில் வெளியே நடமாட வேண்டுமா? அது என்னால் முடியாது. "இது நான் வெட்டின சாவிங்க சாஜன்" என்று கூறினேன்.

சாஜன் நம்பவில்லை. "கூட்டாளியக் காப்பாத்த வந்தீங்களா?" என்று கேட்டார். அவன் என் கூட்டாளி இல்லை என்றேன். அதன்பின் ரபாயேலின் பெட்டியில் இருந்து பல் வெட்டாத சாவி ஒன்றும், அரமும், ஒரு வெள்ளைத்தாளும் தரும்படி கேட்டேன். களஞ்சியச் சாவியை மறுபடி உறைக்குள் போட்டு மூடிவைக்கச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஐயாவும் வந்து நின்றார். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மேசையில் தாளை விரித்து, இடது கையால், நினைவில் இருந்தே ஐந்து பல்லும் வெட்டினேன். இருபத்தைந்து நிமிடம் சென்றது. இதிலும் பிசிறு நீக்கினேன். அதன்பின் இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பல்லும் ஒன்று, கோடு சாய்ந்த பக்கமும் ஒன்று. அதன்பின் ரபாயேல் தன் கடையில் வெட்டிய ஒரு சாவியையும் வைத்துப் பார்த்தார்கள். அதில் கோடு மறுபக்கம் சாய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா ரபாயேல் இருந்த அறைப் பக்கம் போனார். வாக்குமூலத்தை முழுதாக எழுதிக்கொள்ளும்படி சாஜனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே பெட்டிசத்தை எழுதியதும், சாவியை வெட்டியதும், அதைப் பெட்டியில் போட்டதும் நான் ஒருவனே. ரபாயேலுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் மனைவிக்கும் இது எதுவும் தெரியாது. நாளைக்குக் கொழும்புக்குப் போகும் ஜீப்பில் அவனை ஏற்றக் கூடாது, ஏற்ற வேண்டியவன் நான்.

வெட்டிய சாவியையும், பித்தளைத் தூளை மடித்த தாளையும் சாஜனிடம் ஒப்படைத்தேன். அதன்பின், யாரும் கேட்காமலே, எழுந்து நின்று என் களிசான் பைகளையும் சேர்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டினேன். வலது பையில் இருந்து ஒரு சாவி விழுந்தது. அது என் வீட்டுச் சாவி. டீச்சர் வீட்டில் விழுந்த அதே சாவி. விரும்பினால் எந்தப் பூட்டில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

அந்தச் சாவியைப் பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைப் பொலிஸ் மேசையில் வைக்க வேண்டாம், என் மனைவியிடமும் கொடுக்க வேண்டாம், அவளிடம் ஒன்று இருக்கிறது. ரபாயேல் வெளியே போகும்போது அவன் கையில் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பான். யார் வீட்டுச் சாவியையும் வைத்துக்கொள்ளாதவன் என்று பெயர் எடுத்தவன், அந்தப் பெயரை விடமாட்டான். அண்ணன் தரச் சொன்னான் என்று சொல்ல வேண்டும். அந்தப் பூட்டு மழைக்கு இறுகும். இரத்தினம்மா தனியாகப் படியில் நிற்கும்போது வந்து திறக்க ஒருவன் வேண்டும், இந்த ஊரில் வேறு யாரையும் நான் நம்பமாட்டேன். நான் திரும்பி வரும்வரை அந்தச் சாவியை அவன் தன் கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு போட்டுக்கொள்ளட்டும்.

இதில் எழுதியிருப்பதைச் சாஜன் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். வயிறு எரிந்தது என்று நான் சொன்ன இடங்களில் எதுவும் மாற்றப்படவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஏற்று, இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மு. அழகையா

எழுதி வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) சாஜன் ஸக்கரியா. நேரம்: பிற்பகல் 5.15. வாக்குமூலதாரரின் வீட்டுச் சாவி ஒன்று, வெளியே செல்லும் ரபாயேல் என்பவரிடம் பிற்பகல் 5.30க்கு ஒப்படைக்கப்பட்டது. முதலில் மறுத்தார். பின் பெற்றுக்கொண்டார்.